பிலோமினா மிஸ்ஸின் இடாப்பு

செவ்வாய்க்கிழமை காலை, மாத்தளைச் சந்தையில் முருங்கைக்காய் வியாபாரி ஒருவரோடு நான் வாய்த்தர்க்கத்தில் நின்றபோதுதான் அந்த அழைப்பு வந்தது. பேசியவர் சவரிமுத்து, எங்கள் பிலோமினா மிஸ்ஸின் கணவர். "சேர், பிலோமினா போயிட்டாங்க சேர். விடியக் காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்குறப்பவே முடிஞ்சிருச்சு." நான் ஃபோனிலேயே, "விசர்க்கதை கதையாதேயும்!" என்று கத்திவிட்டேன். மனைவியைப் பறிகொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத மனிதரிடம்! அவர் கோபிக்கவில்லை. "சரிங்க சேர், வாங்க" என்று மட்டும் சொன்னார். என் குணத்தைப் பற்றி மிஸ் வீட்டில் நிறையவே சொல்லியிருப்பார் போலும்.

மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், அவரோடு வேலை செய்தவர்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தினமும் முதல் பஸ்ஸில் வேலைக்கு வந்து, எங்கள் கணினிப் பிரிவைத் தனியாளாகக் கட்டிக் காத்தவர். என் மேசைக்கு அடுத்த மேசை அவருடையது. நான் ஓய்வு பெறும்வரை பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவருக்கு அது எங்கே இருந்தது என்று கடைசிவரை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் கோப்புகளை மேசையில் அடித்து வைக்கும்போதெல்லாம், "சேர், மேச என்ன பண்ணுச்சு?" என்று தலை நிமிராமலே கேட்பார்.

அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது என் முட்டாள்தனத்தால்தான். மகள் வாணி அப்போது பல்கலைக்கழகப் பாடங்களை வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்தாள். வைஃபை மெதுவாக இருக்கிறது என்று அவள் முணுமுணுக்க, நான் ரவுட்டரைத் தூக்கிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு சின்னத் துளை. அணைத்து மறுபடி போடுவதற்கான வழி அதுதான் என்று நினைத்து மனைவியின் சட்டை ஊசியைக் குத்திப் பத்து வரை எண்ணினேன். அதற்குள் இருந்த அத்தனை அமைப்பும் துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டது. பாடம் பாதியில் அறுந்த வாணி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

சனிக்கிழமை மிஸ் வந்தார். இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்றைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டார். "என்ன பேர் வைக்க?" என்று வாணியைக் கேட்டார். "வாணி வீடு" என்றாள் அவள். கடவுச்சொல்லாக அவள் கொடுத்தது, "அப்பாவுக்குக் கோபம்" என்பதை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். இரண்டு பேரும் என் முன்னாலேயே விழுந்து விழுந்து சிரித்தார்கள். போகும்போது மிஸ் என்னிடம் சொன்னார்: "சேர், எழுதி வைக்காம எதையும் அழிக்காதீங்க."

அவருடைய முறை எங்கள் கச்சேரியில் பிரசித்தம். யார் வீட்டில் புது ரவுட்டர் வந்தாலும் மிஸ்ஸைத்தான் அழைப்போம். பழைய பெட்டியின் வயரைக் கழற்றுமுன் ஒரு கொப்பி கேட்பார். பெயர், கடவுச்சொல், எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து, எல்லாம் எழுதுவார். பிறகு இடாப்பு. பள்ளிக்கூடத்தில் வரவு எடுப்பது போல, அந்த வீட்டில் வைஃபையில் சேரும் ஒவ்வொன்றின் பெயரும் வரிசையாக வரும்: அம்மா ஃபோன், தம்பி ஃபோன், டீவி, வாசல் கேமரா. நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டுத்தான் வயரைக் கழற்றுவார். புதுப் பெட்டியில் பழைய பெயரையும் பழைய சொல்லையும் அப்படியே ஏற்றிவிட்டு, இடாப்பைச் சத்தமாக வாசிப்பார். "அம்மா ஃபோன்?" என்றால் அம்மா ஃபோனைப் பார்த்து, "வந்திட்டுது" என்று சொல்ல வேண்டும். எல்லாம் வந்த பிறகுதான் எழும்புவார். "பொட்டிதான் புதுசு சேர். வீட்டுல இருக்கிறவங்களுக்கு அது தெரியவே கூடாது" என்பார். கொப்பியைத் தன்னோடு கொண்டுபோக மாட்டார். அது அந்தந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்.

இனி நான் எழுதப் போவது, மிஸ் இறக்கும்வரை எனக்கும் என் மனைவிக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்திருந்த கதை.

வாணி எங்களுக்குச் சொல்லாமல் நாவுலவில் ஒரு சிங்களப் பிள்ளையைப் பதிவுத் திருமணம் செய்தாள். நல்ல பிள்ளைதான். அதை இப்போது சொல்கிறேன். அப்போது அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. "இந்தப் படலைக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்று தொலைபேசியில் சொன்னேன். நாவுல என்ன, கடல் கடந்தா இருக்கிறது? ஒரு பஸ் தூரம். ஒரு வருடத்துக்கு மேல் அவள் வரவில்லை.

அந்த நாட்களில்தான் பழைய ரவுட்டர் இழுக்கத் தொடங்கிப் புதியது வந்தது. மிஸ் வழமைபோலக் கொப்பியை விரித்தார். "வாணி ஃபோன்" என்று எழுதியிருந்த வரியில் என் விரலை வைத்தேன்.

"இதை வெட்டுங்கோ மிஸ்."

"ஏன் சேர்?"

"வெட்டுங்கோ எண்டால் வெட்டுங்கோ. பேரையும் மாத்துங்கோ. 'வாணி வீடு' எண்டு இனி என்ர வீட்டில ஒண்டும் இருக்கக் கூடாது. வீட்டு இலக்கத்தைப் போடுங்கோ. பாஸ்வேர்டும் புதுசு."

அவர் பேனையை மூடினார். "வராதவங்க பேருக்கு நேர 'வரல்ல'ன்னு போடுவாங்க சேர். பேர வெட்ட மாட்டாங்க."

நான் பல்லைக் கடித்தேன். அவர் பெட்டியின் பக்கம் திரும்பி நான் சொன்ன புதுப் பெயரைப் போட்டார். என் ஃபோனையும் மனைவியின் ஃபோனையும் அதில் சேர்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சேர், இந்தப் புதுப் பொட்டி ரெண்டு வைஃபை பேர் காட்டும். ஒங்க பிரின்டர் பழசு. அதுக்குப் புதுப் பேர் சரி வராது. பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு, ஒரு பக்கம் கெடக்கட்டும். பிரின்டருக்கு மட்டும்."

"பிரின்டருக்கு வேணுமெண்டால் கிடக்கட்டுமன்" என்றாள் பிளேன்டீ கொண்டு வந்த என் மனைவி. அவள் முகம் சுவரைப் பார்த்திருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரின்டர்தானே என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாசித் தேர் அன்று முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து கூடத்தில் இருந்தேன். படலையடியில் யாரோ நிற்பது தெரிந்தது. வாணி. கையில் ஃபோன், கண் நிறையத் தண்ணீர். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, நான் கோயிலுக்கு வந்திட்டு ஒருக்கா வீட்டை எட்டிப் பாத்திட்டுத் திரும்பிப் போகத்தான் வந்தனான். படலையடியில நிக்க ஃபோன் தானாப் பிடிச்சிட்டுது. நீங்க மாத்தேல்லை. என்ர பேர், என்ர பாஸ்வேர்ட், ஒண்டையும் நீங்க மாத்தேல்லை."

'அது பிரின்டருக்காக' என்று சொல்லத்தான் திரும்பினேன். மூலையில் பிரின்டர் இருந்தது. அதன் முதுகிலிருந்து ஒரு தடித்த சாம்பல் வயர் நேராகக் கணினிக்குப் போனது. வாங்கிய நாளிலிருந்து அது வயரில்தான் ஓடியது. வைஃபையின் வாசமே அதற்குத் தெரியாது. முழுப் பூசணிக்காயை என் சோற்றிலேயே மறைத்துவிட்டுப் போயிருந்தார் பிலோமினா மிஸ். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன். வாணி ஓடி வந்து என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். நானும் அழுதேன் என்பதை மறைக்க இனி என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை கச்சேரியில் கேட்டேன்: "மிஸ், என்ர பிரின்டருக்கு வயரெல்லோ கிடக்குது?"

"அப்படீங்களா சேர்? நான் கவனிக்கல்லயே" என்றார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். சற்றுப் பொறுத்து, "பாப்பா வந்தாங்களா?" என்றார். தலையாட்டினேன். வாணியிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். "வேணாம் சேர். நீங்க மாத்தலன்னு அது நெனச்சிருக்கு. நெனச்சிட்டுப் போகட்டும். இனிமே நீங்க அந்த மாதிரி இருந்துட்டாச் சரி."

முயன்றேன். முழுதாக முடிந்ததா தெரியாது. முருங்கைக்காய் வியாபாரியைக் கேட்டால் இல்லை என்பார். ஆனால் மருமகனுக்கு இப்போது நான் சிங்களத்தில் பகிடி சொல்கிறேன், அவன் சிரிக்கிறான். வாணி, "அப்பா அப்பவே மனம் மாறீட்டார், வெளியில காட்டேல்லை" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள். ஒவ்வொரு முறையும் எனக்கு முள்ளாகக் குத்தியது. செய்யாத நன்மைக்குக் கிடைத்த அன்பு அது. அதை உண்மையில் செய்தவர் அடுத்த மேசையில் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

மிஸ்ஸை அடக்கம் செய்து ஒன்பதாம் நாள் எங்கள் இணைய இணைப்பு மாறி, இன்னும் புதிய பெட்டி ஒன்று வந்தது. வாணி நாவுலவிலிருந்து வந்தாள். மிஸ் கைப்பட எழுதிய கொப்பியை விரித்து, அவர் சொன்னபடியே பார்த்துப் பார்த்துச் செய்தோம். இந்த முறை ஒரே பெயர்தான்: வாணி வீடு. சொல்லும் பழைய சொல்தான். பழைய பெட்டியின் வயரை நானே கழற்றிப் புதியதில் செருகினேன். அப்போதுதான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்: வெட்டச் சொன்னதை, புதுப் பெயரை, பிரின்டரை. அவள் எழுந்து போய் அந்தச் சாம்பல் வயரைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடி அங்கேயே நின்றாள். என் மகளை இரண்டாம் தடவையும் இழந்துவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் அமர்ந்து, பேனையை எடுத்து, இடாப்பை வாசிக்கத் தொடங்கினாள்.

"அப்பா ஃபோன்?"

"வந்திட்டுது."

"அம்மா ஃபோன்? டீவி? வாணி ஃபோன்?... வந்திட்டுது."

கடைசி வரியில் அவளுடைய குரல் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தபோது அவளே எழுதிய வரி அது: பிலோ மிஸ் ஃபோன்.

"அப்பா, இதை என்ன செய்ய? வெட்டவோ?"

"வெட்டாதை பிள்ளை" என்றேன். "வரேல்லை எண்டு போடு."