பகலில் தூங்குகிறவனின் மகள்

எங்கள் வீட்டில் காலை ஒன்பதரைக்குத்தான் 'குட் நைட்' சொல்லிக்கொள்வோம். வெளியே வெயில் ஏறித் தகரக் கூரை சூடாகத் தொடங்கும் நேரம் அது. இட்லி சாப்பிட்டுவிட்டு (எனக்கு அதுதான் ராச்சாப்பாடு) ஜன்னலில் கறுப்புப் போர்வையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவேன். நம் ஊரான தூத்துக்குடியில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இது கிறுக்குத்தனமாகப் படலாம். கோலார் தங்கவயலுக்கு வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் பட்டது. இப்போது பகலெல்லாம் விழித்துக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு விநோதமாக இருக்கிறது.

வேலை பெங்களூரில். அயல்நாட்டுக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் நின்றுபோகாமல் ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே வீடு எடுத்தால் கட்டுபடியாகாது என்பதால், மனைவி ஸ்டெல்லாவின் ஊரான இங்கே சாம்பியன் ரீப்ஸில், அவள் அப்பா விட்டுப்போன சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் குடியேறினோம். மாலை ரயிலில் போய்க் காலை ரயிலில் திரும்புகிறேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரில் கேலி பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாப்பிள்ளையாவது ஒன்றாவது, இந்த வீட்டில் நான் பகல் வாடகைக்கு வந்து தங்கும் ஆள் மாதிரிதான்.

ஒரு முறை விடுப்பில் தூத்துக்குடிக்கு வந்திருந்தபோது, பழக்கதோஷத்தில் பகல் பதினொரு மணிக்குப் படுத்துவிட்டேன். கண் விழித்தால் கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர் கூட்டம். "மேலுக்குச் சுகமில்லையால?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சித்தப்பா குனிந்து வாயை மோந்து பார்த்தார். நம் ஊரில் நடுப்பகலில் ஆம்பளை படுத்துக் கிடந்தால் ஒன்று நோயாளி, இல்லையென்றால் குடிகாரன். தங்கவயலில் அப்படியில்லை. சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆனாலும் ஷிஃப்டுக்காரனின் தூக்கத்துக்கு இங்கே இன்னும் மரியாதை இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அக்கா குழாயடியில் பெண்களை அதட்டுவது அரைத்தூக்கத்தில் எனக்குக் கேட்கும். "நைட்டு ஷிஃப்ட்டு முடிச்ச ஆளு தூங்குறாரு. கொடத்த மெதுவா வெய்ங்கம்மா." காய்கறி வண்டிக்காரர்கூட எங்கள் லைனுக்குள் கூவாமல் வருவார். இதைப் பெரிய பாக்கியம் என்று நினைத்திருந்தேன்.

உடம்பு அப்படி நினைக்கவில்லை. முதலில் வயிற்றெரிச்சல், அப்புறம் தொப்பை, அப்புறம் பிரஷர், கடைசியில் சர்க்கரை. ஞாபகமும் போய்விட்டது. ஏடிஎம் முன்னால் நம்பர் வராமல் நின்றிருக்கிறேன். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கன்னட டாக்டரிடம் போனேன். "ராத்ரி எஷ்டு சல ஏள்த்தீரா?" என்றார். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று சர்க்கரைக்காரனிடம் கேட்கும் கேள்வி. நான் உண்மையைச் சொன்னேன். "ராத்திரி பூரா முழிச்சிதான் சார் இருப்பேன்." அவர் பதறிப்போய்த் தூக்க மாத்திரை எழுதிவிட்டார். ஸ்டெல்லா கன்னடத்தில் விளக்கிய பிறகு சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, இந்த வேலையை விடுங்கள், இதற்கு என்னிடம் மருந்து இல்லை என்றார். சரி சார் என்று தலையாட்டிவிட்டு அன்று மாலையே ரயிலேறினேன்.

கேடு என் உடம்போடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். எங்கள் மகள் ஜெனி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம் அவளுடைய மிஸ் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "பாப்பாக்குத் தொண்டையில ஏதாச்சும் பிராப்ளமாங்க? கேள்வி கேட்டா பதில் தெரியுது, ஆனா வாய்க்குள்ளயே சொல்லுது. முன்னாடி பெஞ்சுல வெச்சும் கேக்கல." காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். தொண்டையில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கே என்று எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் தெரியும். அந்தப் பிள்ளை தவழ்ந்ததும் நடந்ததும் பேசக் கற்றுக்கொண்டதும் நான் தூங்கும் நேரத்தில்தான். 'உஸ்' என்ற சொல்லைத்தான் எங்கள் வீட்டில் அவள் அதிகம் கேட்டிருப்பாள். அம்மா கிசுகிசுப்பாள், அவளும் கிசுகிசுப்பாள். பேச்சு என்றாலே அதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

காலில் விழாத குறையாகக் கேட்டுப் பகல் ஷிஃப்ட் வாங்கினேன். வீட்டில் கல்யாணக் களை. ஸ்டெல்லா கறுப்புப் போர்வையை எடுத்துத் துவைத்துப் போட்டாள். ஆனால் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவே இல்லை. தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடக்கூடாதே என்று அசையாமல் கிடப்பேன். பகலில் ஆபீஸ் நாற்காலியில் தலை தொங்கும். மேனேஜர் நல்ல மனிதர், திட்டவில்லை. "உங்களுக்கு நைட்தான் செட் ஆகும்" என்று பழைய ஷிஃப்டுக்கே மாற்றிவிட்டார். அன்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஸ்டெல்லா மட்டும் விடவில்லை. இங்கே சுரங்கக் கழிவு மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது, சயனைட் மேடு என்பார்கள். ஜெனியை அதன் பக்கத்து வெட்டவெளிக்குக் கூட்டிப்போய்க் கத்த வைத்தாள். "அங்க போற ஆட்டுக்காரருக்குக் கேக்கணும், கூப்புடு" என்பாளாம். ஒரு நாள் ஆட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டார். அந்தத் தைரியத்தில், சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று வேதபாடம் வாசிக்க ஜெனியின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை ராத்திரி லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. ஞாயிறு காலை ரயிலிலிருந்து இறங்கி நேராகச் சர்ச்சுக்குப் போய், அவள் கண்ணில் படட்டும் என்று இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். ஜெனி வெள்ளைப் பாவாடையோடு மைக் முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்தாள், வாசிக்கத் தொடங்கினாள். கணீரென்று இருந்தது. என் மகளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. ஒரு வசனம் முடிந்தது நினைவிருக்கிறது. அப்புறம் ஆரோக்கியம் அக்கா தோளைத் தொட்டு எழுப்பியபோது எல்லோரும் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் கோபிக்கவில்லை. "நைட்டு ஷிஃப்ட்டு, பாவம்" என்று காலடிச் சத்தம் கேட்காமல் என்னைத் தாண்டிப் போனார்கள்.

வீடு திரும்பும்போது ஸ்டெல்லா சொன்னாள். "நல்லாதாங்க ஆரம்பிச்சா. நீங்க தூங்குறதப் பாத்துட்டா. அப்புறம் அவளே சத்தத்தக் கொறச்சிக்கினா. கடைசில மைக்குல மூச்சுதான் கேட்டுச்சு."

ஜெனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன்.

"ஆரம்பத்துல சத்தமா படிச்சேன் டாடி. உங்கள எழுப்பிட்டனா?" என்று கிசுகிசுத்தாள்.

இல்லம்மா என்றேன். அவர்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அதே வெயிலில் நடந்துகொண்டிருந்த எனக்கு அது இன்னும் சனிக்கிழமை ராத்திரிதான்.