நாற்காலிக்காரி

என் அக்காவை ஊரில் பாதிப் பேர் நாற்காலிக்காரி என்றுதான் சொல்வார்கள். கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு பொருத்திய அறைகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவள் வேலை. ஒரு கையில் மீட்டர் பெட்டி, இன்னொரு கையில் மடக்கு நாற்காலி. மற்ற சோதனைக்காரர்கள் காகிதங்களைப் புரட்டிவிட்டு, கதவுக் கண்ணாடி வழியே நீல வெளிச்சத்தை எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அக்கா மட்டும், அளந்து முடித்த பிறகும் போடமாட்டாள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, பொருத்திய ஆளே கதவைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே போய், அந்த நாற்காலியில் பத்து நிமிடம் வெறும் கண்ணோடு உட்கார வேண்டும். கதவு திறந்ததும் விளக்கு தானாக அணைந்துவிடும் என்றால் அவருக்கு என்ன பயம்?

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. "ஒரு திருகாணி பாக்கணும், நாளைக்கு வாங்க" என்று வழிந்தவர்களும் உண்டு. மக்கள் மேல் எவ்வளவு அக்கறை என்று அவளைப் புகழ்கிறார்கள். கூடப் பிறந்த எனக்கல்லவா தெரியும்? அந்த நாற்காலியை அவள் வாங்கியது ஒரே ஒரு ஆளுக்காக. அவனை அதில் உட்காரச் சொல்வதற்காக ஆறு வருடம் கறுவிக்கொண்டிருந்தாள். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு வராது, மன்னியுங்கள்.

அப்போது நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறையில் தையல்காரி. சலவையாகி வரும் விரிப்புகளில் கிழிசலைத் தைப்பேன். காய்ச்சல் பரவிய வருடம் அது. துணி அறையில் விளக்கு போட ஒரு காண்ட்ராக்டர் வந்தான். கதவுச் சட்டத்தின் மேல் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி, கதவில் ஒரு காந்தம். கதவு மூடியிருந்தால் காந்தம் பெட்டியை ஒட்டி நிற்கும், விளக்கு எரியும். திறந்தால் விலகும், அணையும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிருமி சாக விளக்கு அரைமணி நேரம் விடாமல் எரிய வேண்டும். ஒரு தடவை அணைந்தால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். யாராவது ஒரு துண்டை எடுக்கத் திறந்தாலும் அத்தனையும் வீண். மேற்பார்வையாளர்கள் முணுமுணுத்தார்கள். காண்ட்ராக்டர் அதற்கு ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தான். இன்னொரு காந்தத்தைப் பெட்டியின் மேலேயே ஒட்டி, அதன்மேல் வெள்ளை வர்ணம் பூசிவிட்டான். அதற்குப் பிறகு கதவு திறந்து கிடந்தாலும் மூடியிருப்பதாகவே பெட்டி நினைத்துக்கொள்ளும். இதை அவன் எங்களிடம் சொல்லவில்லை.

மறுநாள் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு அந்த நீல வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தைத்தேன். கதவு திறந்திருப்பதால் கிருமி விளக்கு அணைந்திருக்கும், இது வெறும் அலங்கார வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஒரு முட்டாள். சாயங்காலம் முகம் சிவந்தது. வீட்டுக்குப் போனதும் இமைக்குள் மணலை அள்ளிப் போட்டது போல ஒரே உறுத்தல், கண்ணைத் திறக்கவே முடியவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தாள்.

மூன்று நாளில் கண் ஆறியது. அதற்குள் காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டான். வேலைக்கு நடுவில் விளக்கு அணைவது பிடிக்காமல் தையல்காரப் பெண்ணே காந்தத்தை ஒட்டியிருக்கிறாள், அப்படி ஒன்று இருப்பதே தனக்குத் தெரியாது என்று. நிர்வாகி துணி அறைப் பெண்கள் எல்லோரையும் மத்தியானத்தில் கூட்டி, என்னை முன்னால் நிற்க வைத்து, அதைச் சத்தமாகப் படித்தார். எல்லோருக்கும் ஒரு பாடமாம். பிறகு என்னை வேலையை விட்டு அனுப்பினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அக்கா அப்போது மின்விசிறியும் டியூப்லைட்டும் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதபோது கூட அழவில்லை. காந்தம் எங்கே இருந்தது, எந்த மூலை, எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்டாள். அந்த அறிக்கையின் நகல் ஒன்றை வாங்கி வந்து தன் கருவிப் பெட்டியில் வைத்தாள். பிறகு படித்தாள், தேர்வு எழுதினாள், மீட்டர் பிடிக்கக் கற்றாள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவள் பதறவே இல்லை, எனக்குத்தான் பொறுமை இல்லை.

இந்த வருடம் அதே ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தைச் சோதிக்க அக்காவை அனுப்பினார்கள். பொருத்தியவன் அதே காண்ட்ராக்டர். மீட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முகம் முழுக்க மறைக்கும் பாதுகாப்புக் கவசத்தோடு நானும் போனேன். நிர்வாகியும் அதே ஆள்தான்.

துணி அறைக் கதவின் மேல் மூலையில் வெள்ளை வர்ணம் ஒரு பொட்டு அளவு புடைத்திருந்தது. அக்கா பார்த்தாள். காது சிவந்தது. நாற்காலியை உள்ளே விரித்துப் போட்டுக் கதவை மூடினாள், விளக்கைப் போடச் சொன்னாள்.

காண்ட்ராக்டர் சிரித்தான். இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு என்றான். பிறகு அந்தப் பக்கமாகத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மாவைக் கைகாட்டி, அவள் உட்காரட்டும் என்றான்.

"பொருத்தினது அவங்க இல்லையே. நீங்க உக்காருங்க" என்றாள் அக்கா.

அவனுக்கு முதுகுவலி வந்தது. அப்புறம் ஏதோ போன் வந்தது. பத்து நிமிடம்தானே, உட்காருங்களேன் என்று நிர்வாகியே சொன்ன பிறகு கதவருகே போனான். கைப்பிடியைத் தொடவில்லை. அண்ணாந்துகூடப் பார்க்காமல் கையை நேராக மேல் மூலைக்குக் கொண்டுபோய் நகத்தால் சுரண்டினான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையத் திறங்க."

உள்ளங்கையில் வர்ணம் ஒட்டிய காந்தம் இருந்தது. வேலைக்காரர்கள் யாராவது ஒட்டியிருப்பார்கள், தனக்குத் தெரியாது என்றான். ஆறு வருடத்துக்கு முன் எழுதிய அதே வார்த்தை. அக்கா மீட்டர் பெட்டியைத் திறந்து அந்த நகலை எடுத்து நிர்வாகியிடம் நீட்டினாள்.

"தெரியாத காந்தத்தப் பாக்காமலே எடுத்துட்டாரு. அப்ப என்ன எழுதிக் குடுத்தாருன்னு இதுல பாருங்க."

நான் கவசத்தை உயர்த்தினேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, இது யார் என்று கேட்டான். என் முகமே அவனுக்கு நினைவில்லை. கண் வெந்தபோதுகூட எனக்கு அப்படி எரியவில்லை. நான் அக்காவின் காதில், இவனை உள்ளே தள்ளி இரண்டு மணி நேரம் பூட்டு என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளும் ஒரு நொடி அந்தக் கதவைப் பார்த்தாள்.

"வேணாம்டி" என்றாள். "அவன் கண்ணு மூணு நாள்ல ஆறிடும்."

நிர்வாகிக்கு வியர்த்துவிட்டது. எனக்கு வேலையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அது வேண்டாம், வேறொன்று வேண்டும் என்றேன். அதைச் செய்யாவிட்டால் இந்த ஆஸ்பத்திரியில் ஒரு பல்பு மாட்டக்கூட வர முடியாது என்று காண்ட்ராக்டரிடம் அவரே சொல்லிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் துணி அறைப் பெண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். அன்று எனக்காக ஒரு வார்த்தை பேசாதவர்களும் இருந்தார்கள். அக்கா நாற்காலியை விரித்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன். காண்ட்ராக்டர் எதிரே நின்று தன் கையால் எழுதியதைப் படித்தான். காந்தத்தை ஒட்டியது தான்தான், அந்தப் பெண் மேல் சொன்னது பொய் என்று. குரல் தொண்டையைத் தாண்டவில்லை. படித்து முடித்துத் தாளை மடித்தான்.

"கடைசி வரிசைக்குக் கேக்கல" என்றேன். "மறுபடி முதல்லேருந்து படிங்க."