பீரோவுக்குள் போன சார்ஜர்

என் வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணனுக்கு ஜென்ம எதிரி பூசணம்தான். எங்கள் தீவில், இந்தப் பாம்பூஃப்ளாட் ஊரில் மழை பிடித்துக்கொண்டால் செருப்பிலிருந்து ரேஷன் கார்டு வரை பூத்துவிடும். அதனால் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவது இங்கே வழக்கம். அந்தச் சூட்டில் துணி காய்ந்தே கிடக்கும். துறைமுகத்தில் கலாசி வேலை முடித்து வந்ததும், கைகால்கூடக் கழுவாமல் பீரோவைத் திறந்து மோந்து பார்க்கிற மனுஷன் இவர்.

போன மாசம் அந்த பல்பு போய்விட்டது. கடையில் எல்இடிதான் கிடைத்தது. வெளிச்சம் கண்ணைப் பறித்ததே தவிர, துணியைக் காய வைக்கிற சூடு அதில் இல்லை.

"சீலன் ஏறிடுச்சு அலமு. எல்லாத்துணியும் ஈரமா நாறுது" என்று ஒரே புலம்பல்.

ஒரு நாள் மத்தியானம் எங்கள் மகள் ஹரிணிக்கு மெயின்லேண்ட் கம்பெனியோடு வீடியோவில் இன்டர்வியூ. படிப்பு முடித்து அவளுக்கு வந்த முதல் அழைப்பு. அவள் லேப்டாப் பேட்டரியோ கிழம். சார்ஜரைப் பிடுங்கினால் கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

அன்று காலையில் இவர் சார்ஜர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது ஏம்மா இப்படி கை சுடற அளவுக்கு கரம் ஆகுது?"

"சுவத்துல வர்ற கரண்ட் பெருசுப்பா. லேப்டாப்புக்கு வேண்டியது சின்னது. அதை மாத்திக் குடுக்கறப்ப கொஞ்சம் சூடா வீணாப் போகும். காத்துப் பட்டா ஒண்ணும் ஆகாது."

காற்று இவர் காதில் ஏறினால்தானே. வீணாகப் போகிற சூடு என்பது மட்டும் ஏறிவிட்டது.

ஹரிணி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சார்ஜ் ஏறவே இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். அது பீரோவுக்குள் போயிற்று. இன்டர்வியூவுக்கு எடுத்து வைத்த சுடிதாரின் மடிப்புக்குள் சார்ஜர் செத்துக் கிடந்தது. பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. துணியில் பழுப்பாக ஒரு கறை.

"மூளையைக் கழட்டி வச்சிட்டீங்களா? வீடியோவுல வாடை அடிக்குமா?" என்று கத்திவிட்டேன்.

"புள்ளை நல்ல துணி போட்டு உக்காரணும்னுதான்..."

முடிக்காமலே, குடையும் எடுக்காமல், சாத்தம் போகிற ஃபெர்ரிக்கு ஓடினார். புது சார்ஜருக்கு அக்கரைக்குத்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டு ரூபாவின் சார்ஜரை வாங்கி வந்தேன். அதன் முனை லேப்டாப்பில் நுழையவில்லை.

ஹரிணி பழைய சுடிதாரிலேயே உட்கார்ந்தாள். நன்றாகத்தான் பேசினாள். பெண்ணுக்கு இவ்வளவு விஷயம் தெரியுமா என்று வாசலில் நின்ற எனக்கே பூரிப்பு. பாதி வாக்கியத்தில் திரை கறுத்தது. "சார், ஹலோ சார்" என்று அந்தக் கறுப்பைப் பார்த்தே கூப்பிட்டாள். பிறகு போனில் அவர்களைப் பிடித்தாள். தகவல் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்களாம்.

இவர் தொப்பலாக நனைந்து வந்தார். பாலிதீன் கவருக்குள் புது சார்ஜர் மட்டும் நனையவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அதை மாட்டிவிட்டுத் தரையில் குந்தினார். சற்று நேரம் கழித்துப் பெட்டியைத் தொட்டார்.

"சூடாகுதும்மா. எடுத்துரட்டா?"

"இருக்கட்டும்பா. அது அப்படித்தான் இருக்கும்."

திட்டுவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்ததை விட்டுவிட்டுத் துண்டை எடுத்து வந்தேன். இவர் ஈரச் சட்டையோடு உட்கார்ந்து, பழைய பேப்பரை மடித்து, அந்தப் பெட்டிக்குக் காற்றுப் படும்படி விசிறிக்கொண்டிருந்தார்.