துரு என்று நான் எழுதிய தண்ணீர்

பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் தூளைக் கரைத்து, விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்துக் கலந்தால் அது ஒரு நொடியில் சிவந்துவிடும். அண்ணி லாரிக்கு ஆலம் சுற்றும்போது எல்லோரும் லாரியைப் பார்ப்பார்கள். நான் தாம்பாளத்தைப் பார்ப்பேன். அந்தச் சிவப்பைக் கண்டால், லாரியின் பழுதைக் கண்டுபிடிக்க எழுதிய என் பட்டியலில் நான் போட்ட தவறான குறி ஒன்று இன்றும் நினைவுக்கு வருகிறது.

அப்போது அண்ணனிடம் ஒரே லாரி. ராணுவம் கழித்துவிட்ட வண்டி. துறைமுகத்திலிருந்து பேசின் பிரிட்ஜ் யார்டுக்கு மூட்டை ஏற்றி ஓடியது. எஞ்சினைப் பற்றிப் பேச வீட்டில் அவருக்கு இருந்த ஒரே ஆள் நான்தான். மெக்கானிக்கல் டிப்ளமா வகுப்பில் நான் ஒருத்திதான் பெண் என்பதை ராயபுரம் முழுக்கச் சொல்லி வைத்தவரும் அவர்தான். பிறகு வியாசர்பாடியிலிருந்து அண்ணி வந்தார். வந்த மாதமே லாரியின் முன் இருக்கையில் உட்கார்ந்து திருவொற்றியூர் வரை போய்வந்தார். எனக்கு ஒரு நாளும் கிடைக்காத இடம் அது. ஒரு நாள் எஞ்சின் கொதித்து, அதன் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் எரிந்துபோய் அண்ணன் அதைக் கழற்றி வெளியே எடுத்தபோது, ஓட்டை ஓட்டையாக இருந்த அந்தத் தகட்டைப் பார்த்து அண்ணி, "அட மாதிரி கீது. ஒரு பக்கம் தீஞ்சும் பூட்சி" என்றார். அண்ணன் வெகுநேரம் சிரித்தார். அன்று முதல் அவரும் அதை அடை என்றே சொல்ல ஆரம்பித்தார். 'கேஸ்கெட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தவரைத் திருத்த நான் பட்ட பாடெல்லாம் ஒரு அடையில் போயிற்று.

புதிய கேஸ்கட் போட்ட ஐந்தாம் நாள் எஞ்சின் மறுபடி கொதித்தது. இப்படியே கொதித்தால் ஹெட் விரிசல் விடும். அந்த வண்டிக்கு வேறு ஹெட் எங்கும் கிடைக்காது. விரிசல் விட்டால் லாரியைப் பழைய இரும்பாக எடைக்குத்தான் போடவேண்டும். அண்ணன் என்னிடம் வந்து, "பாப்பா, நீ பாரு" என்றார். அண்ணி வந்த பிறகு அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் பட்டியல் போட்டேன். ஹெட்டின் மட்டம், போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக முறுக்கும் வரிசை, சூடேறி ஆறிய பின் மறுமுறுக்கு, ஃபேன் பெல்ட், தண்ணீர் பம்பு, ரப்பர் குழாய்கள், கடைசியாக ரேடியேட்டரில் தண்ணீர் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறி போட்டுக்கொண்டு வந்தேன். கடைசி வரிக்கு வந்தபோது அண்ணி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். "இன்னாமே, இங்க வந்து பாரு" என்று அண்ணன் அவரைக் கூப்பிட்டு, அரைமணி முன்பு நான் விளக்கிச் சொன்ன தண்ணீர் பம்பைத் தானே கண்டறிந்ததுபோல் காட்டத் தொடங்கினார். ரேடியேட்டரைக் கழற்றி, மேலே ஊற்றிய தண்ணீர் கீழே என்ன வேகத்தில் வருகிறது என்று நான் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் இரண்டு பேரின் தலையும் ஒன்றாகக் குனிந்திருந்ததை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பழுப்பாக இருந்தது. 'துரு, சாதாரணம்' என்று எழுதிக் குறி போட்டுவிட்டு, "முடிஞ்சுது, எல்லாம் சரியா இருக்கு" என்று அவர்கள் பேச்சை வெட்டினேன்.

மறுநாள் வண்டி கொருக்குப்பேட்டை கேட்டில் கொதித்தது. அண்ணன் உடனே நிறுத்தியதால் ஹெட் பிழைத்தது. ஆறவைத்து மெதுவாக ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். நான் பட்டியலோடு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். ரேடியேட்டரிலிருந்து தட்டில் வடித்து வைத்திருந்த தண்ணீரில் அண்ணி விரலை நனைத்து முகர்ந்தார்.

"இது துரு இல்ல பாப்பா. மஞ்சா."

"எஞ்சினுக்குள்ள மஞ்சள் எப்படி அண்ணி வரும்?" என்றேன், குழந்தைக்குப் பாடம் சொல்லும் குரலில்.

அவர் பக்கத்து வீட்டு வெற்றிலைப் பெட்டியிலிருந்து விரலில் சுண்ணாம்பு வாங்கிவந்து தட்டில் கலக்கினார். தண்ணீர் சிவந்தது. பிறகு அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"கொயம்புக்கு மஞ்சா இல்லாம நான் எலி மேல பழி போட்டுகினு கீறேன். எலிக்கு லாரி ஓட்டத் தெரியும்னு யாரு கண்டா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "ரேடியேட்டரு ஒழுவிகினு இருந்திச்சிமே. ஹார்பர்ல எல்லாரும் போடறதுதான். ஒரு பிடி போட்டா நின்னுடும்."

ஒழுக்கு நின்றது உண்மைதான். தினம் காலையில் ஒரு பிடி என்று போட்டதில் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டன. முதல் கேஸ்கட்டைத் தின்றதும் அதுதான். எரிந்ததை மாற்றினோம், எரித்ததை உள்ளேயே விட்டுவைத்தோம். எனக்குப் பொறுக்காதது வேறு ஒன்று. மஞ்சள் தடவிய தாளைக் காரக் கரைசலில் நனைத்துச் சிவக்கவைக்கும் சோதனையை நான் பரிசோதனைக்கூடத்தில் செய்து, முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

ரேடியேட்டரைக் கழற்றி, சோடா உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஒழுக்குக்கு ஈயம் வைத்தோம். அதன் பிறகு வண்டி கொதிக்கவே இல்லை. அது கிளம்பிய அன்று அண்ணி ஆலம் சுற்றிவிட்டு, அந்தச் சிவப்பில் என் நெற்றியிலும் பொட்டு வைத்தார். உள்ளே போய்த் துடைத்துவிட்டேன்.

இப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். சூடேறும் வண்டிகளுக்கான என் பட்டியலைத் தட்டச்சு செய்து சுவரில் மாட்டியிருக்கிறார்கள். முதல் வரி, ரேடியேட்டர் தண்ணீரில் சுண்ணாம்புச் சோதனை. இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று மேலாளர் கேட்டபோது, "படிப்பில் வந்தது" என்றேன். அது பொய் இல்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் அண்ணனின் இரண்டாவது லாரிக்கு அண்ணி ஆலம் கரைத்தார். வீட்டில் சுண்ணாம்பு தீர்ந்திருந்தது. யோசிக்காமல் சோதனைக்காகக் கைப்பையில் வைத்திருந்த சின்னச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"இன்னா பாப்பா, வெத்தல போட ஆரம்பிச்சிட்டியா?"

"ஆமா அண்ணி."

அவர் என் வாயைப் பார்த்தார். "நாக்கு செவக்கவே இல்லியே" என்றார். ஒரு துளி எடுத்துத் தாம்பாளத்தில் கலக்கினார். தண்ணீர் சிவந்தது. டப்பாவை மூடித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு லாரியைச் சுற்றப் போனார்.