சம்பளமில்லாத வெளிநாடு

வழியனுப்பு ஜெபம் சனவரியிலேயே முடிந்துவிட்டது. கல்முனையில் அவர்கள் போகும் சின்னத் தேவாலயத்தில் யசோதினியை முழங்காலில் நிற்கவைத்து, தலையில் கைவைத்து ஜெபித்து, கோழிக்கறியோடு மத்தியானச் சாப்பாடும் போட்டார்கள். அவளும் வீடு வீடாகப் போய் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். இப்போது மே மாதம். அவள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

பயணம் சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பதைப் போல வெட்கம் வேறில்லை. முட்டை வாங்கப் போனாலும் "இன்னும் போகல்லையா?" என்று கேட்டார்கள். தேவாலயத்திலோ "கர்த்தருடைய வேளை வரவேணும் மகள்" என்று தோளைத் தட்டினார்கள். கர்த்தருக்கு வேளை தெரியும், விசா கொடுக்கிறவர்களுக்குத்தான் தெரியவில்லை என்று அவள் நாக்கு நுனி வரை வரும். விழுங்கிக்கொள்வாள். மிஷன் தொண்டுக்குப் போகிற பிள்ளை அப்படியெல்லாம் கதைக்கக் கூடாதாம்.

இருபத்து நான்கு வயதுக்குள் அவள் இரண்டு நாடு பார்த்துவிட்டாள். முதலில் நேபாளம். மலையடிவாரத்து விடுதியொன்றில் ஏழு மாதம் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கினாள். "தலை வாரி இழுக்கவா, பேன் பார்க்கவா?" என்று அவர்கள் பாஷையில் கேட்கப் பழகிய கிழமையில் மின்னஞ்சல் வந்தது: கம்போடியாவில் ஆள் தேவை. அழுதுகொண்டுதான் விமானம் ஏறினாள். கம்போடியாவில், கண்ணிவெடியில் கால் போனவர்களுக்குப் பொய்க்கால் பொருத்தி நடக்கப் பழக்கும் நிலையம். அங்கேதான் சொக்கா இருந்தாள். ஒன்பது வயது. வயல் வரம்பில் மாடு சாய்க்கப் போன இடத்தில் ஒரு காலை விட்டவள். யசோதினியின் கையைப் பிடித்து மூன்று மாதம் நடந்து, ஒருநாள் கையை விட்டு ஏழு அடி வைத்தாள். மற்றக் கிழமை யசோதினியின் விசா முடிந்தது. "ஊருக்குப் போய்ப் புதிதாக எடுத்து வா, மூன்று கிழமை வேலை" என்று அனுப்பிவிட்டார்கள்.

மூன்று கிழமை ஐந்து மாதமாயிற்று. வளரும் பிள்ளைக்குப் பொய்க்கால் சீக்கிரம் சிறுத்துவிடும். சொக்காவுக்குப் புதுக்கால் போடுவது யூன் முதல் கிழமை. அன்றைக்குப் பக்கத்தில் நிற்பேன் என்று விரலைக் கோத்துச் சத்தியம் பண்ணிவிட்டு வந்திருந்தாள் யசோதினி.

முதல் விண்ணப்பம் ஏப்ரலில் திரும்பி வந்தது. பயண நோக்கமும் விசாரணையில் தெரியவந்ததும் பொருந்தவில்லை என்று ஒரு வரி. என்ன விசாரணை, யாரிடம் விசாரித்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுபைறா ராத்தாதான் தையல் மெசினை நிறுத்திவிட்டு, வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள்.

"என்ன புள்ள, மாப்பிள்ளை வீட்டாக்கள் என்ன சொல்றாங்க?"

"என்ன மாப்பிள்ளை?"

"கொழும்பால ஒரு தம்பி கோல் எடுத்து உன்னப் பத்தி விசாரிச்சாரே. நான் உடுவனா? தங்கமான புள்ள, வெளிநாட்டில உத்தியோகம், டொலரில சம்பளம் எண்டு சொன்னன். இனி ஒரு இடமும் போகமாட்டா, தாய் தகப்பன் சீதனத்துக்கு வீடும் கட்டுறாங்க எண்டும் சொல்லிப் போட்டன்."

யசோதினி அப்படியே துணிக்கட்டின் மேல் குந்திவிட்டாள். விண்ணப்பத்தில் சொந்தக்காரரும் சபையாரும் அல்லாத அயலவர் ஒருவரின் பெயர் கேட்டிருந்தார்கள். ராத்தாவின் பெயரை அவளேதான் எழுதினாள். ஆனால் முன்பின் தெரியாத ஆம்பிளைக் குரல் பக்கத்து வீட்டுக் குமர்ப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால் இந்தக் கரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ராத்தா இப்படிப் போனிலேயே நாலு கலியாணம் பொருத்திக் கொடுத்தவள்.

"ராத்தா, அது விசாவுக்குக் கேட்டது! நான் சம்பளம் இல்லாமத்தானே போறன்!"

"சம்பளம் இல்லாமப் போறா எண்டு சொல்லி உன்ட மானத்த வாங்கவா நான்?" என்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் கைவைத்தாள். "அல்லாஹ்வே! புள்ளட பயணத்தை மறிச்சது நானா?"

ஆர் மேல் கோபப்படுவது? தன்னை உயர்த்திச் சொன்னவள் மேலா? வீட்டுக்கு வந்து தலையணையைக் குத்தினாள் யசோதினி. தகப்பன் நல்லரெத்தினம் கதவடியில் நின்று "கர்த்தருடைய சித்தம் மகள்" என்றார். "போங்கப்பா!" என்று கத்தினாள். பிறந்து வளர்ந்து அவரிடம் அவள் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பவும் விண்ணப்பம் போட்டாள். மே இருபதுக்குள் விசா வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு என்று மிஷன் எழுதியது. பிலிப்பைன்ஸில் இடம் காலியாக இருக்கிறதாம், தேவன் வேறு கதவைத் திறப்பாராம். "எனக்குக் கதவு வேண்டாம், அந்தப் பிள்ளையிடம் போக வேண்டும்" என்று பதில் அடித்து, அனுப்பாமல் அழித்தாள்.

அயலவர் பெயர் கேட்ட இடத்தில் மறுபடியும் ராத்தாவின் பெயரையே எழுதினாள். இரண்டு நாள் பாடம் நடந்தது. "சம்பளம் இல்லை. தொண்டர் சேவை. திரும்பி வருவாள்." ராத்தா ஊசியில் நூல் கோத்தபடி அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பதினான்காம் திகதி பின்னேரம் போன் அடித்தபோது யசோதினியும் ராத்தாவின் தையல் கடையில்தான் இருந்தாள். அதே கொழும்புத் தம்பிதான். ராத்தா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சம்பளம் உண்டா?"

"இல்ல." அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவள் பட்ட பாட்டை முகம் காட்டியது.

"திரும்பி வருவாவா?"

"வருவா."

"போன முறை நல்ல சம்பளம், இனிப் போகமாட்டா எண்டு சொன்னீங்களே?"

"பொண்ணு கேட்டு எடுக்கிறீங்க எண்டு நினைச்சு, கூட்டிச் சொல்லிப் போட்டன் தம்பி. பிழைதான்."

"அப்ப, சம்பளமும் இல்லாம ஏன்தான் போறா?"

தொண்டர் சேவை என்று சொல்ல வேண்டிய இடம். ராத்தா சொல்லவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "உண்மையாக் கேக்கிறன் புள்ள. எனக்கும் விளங்கல்ல. நீ ஏன் போறாய்?"

தேவாலயங்களில் எத்தனையோ முறை சாட்சி சொன்னவளுக்கு இப்போது அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "ஒரு புள்ளைய நடக்கப் பழக்கினன் ராத்தா. ஏழு அடி வெச்சாள். எட்டாவது அடியப் பாக்க விடாம அனுப்பிப் போட்டாங்க."

ராத்தா கையை எடுத்தாள். "தம்பி, கால் போன புள்ள ஒண்டு இவட கையைப் பிடிச்சுப் பழகி ஏழு அடி நடந்திரிக்கி. மிச்சத்தையும் நடத்திப் போட்டு வரட்டும். மறிக்காதீங்க."

பத்தொன்பதாம் திகதி விசா வந்தது. ஆறு மாதம் கேட்டதற்கு முப்பது நாள்தான். யசோதினி கடவுச்சீட்டை மேசையில் எறிந்தாள். பிறகு எடுத்துத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வழியனுப்பு ஜெபம் வைப்போமா என்று தகப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சனவரியில செய்தது இன்னும் மிச்சம் இரிக்கப்பா" என்றாள். இந்த முறை வீடு வீடாகப் போகவில்லை. தையல் கடைக்கு மட்டும் போனாள்.

"முப்பது நாள்தான் தந்திரிக்காங்க, ராத்தா. போயிட்டு வாறன்."

சுபைறா மெசினை விட்டு எழுந்து வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்தாள். "போயிட்டு வா. இனி உண்மையாகவே பொண்ணு கேட்டு ஆரும் கோல் எடுத்தாலும், நான் சம்பளத்தைச் சொல்லமாட்டன். அந்த ஏழு அடியைத்தான் சொல்லுவன்."