இல்லை என்று சொன்ன நிரல்

நல்ல தமிழ் வாக்கியம் ஒன்றை, அது தமிழே இல்லை என்று நிறைந்த சபையில் சொன்னவன் நான். தெரியாமல் சொல்லவில்லை. பிழை நான் எழுதிய கணினி நிரலில் இருந்தது. எந்த வரியில் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். நிரலைக் காப்பாற்றுவதற்காகப் பழியை அந்த வாக்கியத்தைச் சொன்னவர் மேல் போட்டேன். அவர் நான் வேலை பார்த்த அதே கல்லூரியில் தமிழ்த் துறை ஆசிரியை.

சுனாமிக்கு அடுத்த வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து தமிழ் வாக்கியங்களைப் பகுத்தறியும் ஒரு நிரலை எழுதத் தொடங்கினோம். நான் கணினித் துறை. கொட்டாரம் என்ற ஊரில் வயலும் வீடுமாக வளர்ந்தவன். அவர் கடற்கரைக்காரர். அவருடைய ஊரில் பாதிப் பேர் கடலை விட்டுத் தள்ளிக் கட்டிய குடியிருப்புகளுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. ஊர் பல திசையாகப் போவதற்குள் அந்தப் பேச்சைப் பதிவு செய்து, அதற்கும் இலக்கணம் எழுதி, கணினிக்குள் வைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சனி ஞாயிறுகளில் கரை கரையாகப் போய்க்கொண்டிருந்தார். திட்டத்துக்கு நிதி கிடைத்தால் வகுப்புகளிலிருந்து விடுப்பும் கிடைக்கும். அதைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார்.

நான் தேர்ந்தெடுத்தது தருக்க நிரலாக்கம். புரோலாக் என்ற மொழி. அதில் கணினிக்கு, இதைச் செய், பிறகு அதைச் செய் என்று சொல்வதில்லை. உண்மைகளையும் விதிகளையும் எழுதி வைத்துவிட்டுக் கேள்வி கேட்போம். பெயர்த்தொடரும் வினைத்தொடரும் சேர்ந்தால் வாக்கியம் என்பது ஒரு விதி. இன்னது பெயர், இன்னது வினை என்பவை உண்மைகள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து இது சரியா என்று கேட்டால், விதிகளைக் கொண்டு நிறுவ முடிந்தால் ஆம் என்னும். முடியாவிட்டால் இல்லை என்னும். அந்த இல்லைக்குப் பிழை என்று பொருள் கிடையாது. எனக்குக் கொடுத்த விதிகளை வைத்து என்னால் நிறுவ முடியவில்லை என்பதுதான் பொருள். இதை வருடாவருடம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எங்களுக்குத் தொல்லை கொடுத்தது உடைமைத் தொடர். தமிழில் உடையவர் முன்னால் வருவார், உடைமை பின்னால் வரும். மாமாவுடைய மகனுடைய வீடு. இதற்கு நான் எழுதிய விதிப்படி, ஒரு பெயர்த்தொடரைக் கண்டுபிடிக்க முதலில் ஒரு பெயர்த்தொடரைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முதலில் இன்னொரு பெயர்த்தொடர். நிரல் ஒரு சொல்லைக்கூடப் படிக்காமல் தன்னையே கூப்பிட்டுக் கூப்பிட்டு, நினைவகம் தீர்ந்து விழும்.

"சார், உங்க மெஷின் வாசல்லயே நின்னு யாரு யாருன்னு கேட்டுட்டு நிக்கு," என்றார் டீச்சர். "உள்ள வரமாட்டேங்கு."

அடுத்த வாரம் அவரே ஒரு வழியோடு வந்தார். கல்லூரி நூலகத்தில் எனக்காக வாங்கி நான் திறக்காமலே வைத்திருந்த செயல்கூறு நிரலாக்கப் புத்தகத்தை எடுத்துப் படித்திருந்தார். அந்த முறையில் எல்லாமே செயல்கூறுகள். ஒன்றைக் கொடுத்தால் வேறொன்றைத் திருப்பித் தரும்.

"கரைமடி இழுக்குதது பாத்திருக்கியளா சார்?"

"பாக்காம என்ன." கரையில் நின்று பலர் சேர்ந்து வடம் பிடித்து இழுக்கும் பெரிய வலை அது.

"வடத்துல கையில உள்ளத விடாம அடுத்த பிடி பிடிப்பாவல்லா, அதுதான். மாமன். அதக் கையில வச்சுக்கிட்டு மகனப் பிடிக்கணும். ரெண்டும் சேந்து இப்பம் ஒரே பெயரு. அதக் கையில வச்சுக்கிட்டு வள்ளத்தப் பிடிக்கணும். எத்தன வந்தாலும் ஒரே வேல. திரும்ப வாசலுக்குப் போவண்டாம்."

எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததுதான் எரிச்சலைக் கிளப்பியது. என் முறை புரோலாக். அதில்தான் நான் கட்டுரை எழுதியிருந்தேன். இருபது வருடமாகக் கணினி சொல்லிக் கொடுப்பவனுக்குத் தமிழ் டீச்சர் வழி சொல்வதா என்று இருந்தது.

"கருத்தரங்கு முடியட்டும் டீச்சர். பெறகு பாப்போம்," என்றேன். நிதி கேட்டு நிரலை ஓட்டிக் காட்ட வேண்டிய கருத்தரங்குக்கு அதிக நாள் இல்லை.

அவர் போனதும் விதியைத் திருத்தவில்லை, வெட்டினேன். ஒரு தொடரில் ஒரே ஓர் உடையவர்தான் வரலாம் என்று எழுதினேன். நிரல் சுழல்வது நின்றது. கருத்தரங்குக்கு நான் தேர்ந்து வைத்த வாக்கியங்கள் எல்லாமே அதற்குள் அடங்கின. டீச்சரிடம் இதைச் சொல்லவில்லை.

கருத்தரங்கு எங்கள் கல்லூரி அரங்கிலேயே நடந்தது. நிதி கொடுப்பதா என்று முடிவு செய்ய வெளியூரிலிருந்து இருவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தட்டினேன். திரையில் ஆம், ஆம் என்று வந்துகொண்டிருந்தது. கைதட்டலும் கிடைத்தது. வந்தவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, எழுதி வைத்ததையே போடுகிறீர்களே, உங்களோடு வேலை செய்யும் அம்மா ஒரு வாக்கியம் சொல்லட்டும் என்றார்.

டீச்சர் எழுந்தார். அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

"எங்க மாமனுக்க மகனுக்க வள்ளம் இன்னும் கரைக்கு வரல்ல."

மாமனுக்க என்றால் மாமாவுடைய, வள்ளம் என்றால் படகு. அந்த உருபையும், வள்ளம், கரை எல்லாவற்றையும் அவரே நிரலின் சொல்பட்டியலில் சேர்த்திருந்தார். அதனால்தான் அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னார். நான் தட்டினேன். உடையவர் ஒருவருக்கு மேல். திரையில் இல்லை என்று வந்தது.

"ஏன் இல்லைங்குது?" என்று கேட்டார் வந்தவர்.

என் விதி குறைபாடுள்ளது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் சொன்னது இது: "அது கடற்கரைப் பேச்சு சார். மலையாளம் கலந்தது. அது தமிழ் இலக்கணத்துக்குள்ள வராது. மெஷின் சரியாத்தான் சொல்லுது."

அரங்கு சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "மீன் நாத்தம் மெஷினுக்கே பிடிக்கல்ல மக்கா," என்றது. இன்னும் சிரித்தார்கள். அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசைக்காரர். நானும் சிரித்தேன்.

டீச்சர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் என் மனைவி அடுக்களையிலிருந்து கேட்டாள்: "உங்க அண்ணனுக்க மவளுக்க கல்யாணத்துக்கு என்னைக்குப் போணும்?"

செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். கடற்கரைப் பேச்சு என்று நான் தள்ளியது என் வீட்டுப் பேச்சும்தான். பிறந்ததிலிருந்து நானும் அப்படித்தான் பேசுகிறேன். நடந்ததை அவளிடம் சொன்னேன்.

"அப்பம் நான் பேசுதது என்ன பாஷையாம்?" என்றாள். "அந்த டீச்சருக்கிட்ட போய்ச் சொல்லுங்க. நாளைக்கே சொல்லுங்க."

சொல்லவில்லை. நிதி வந்தது. எழுத்துத் தமிழுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. டீச்சர் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார், நான் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கரைக்குப் பதிவு செய்யப் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, மழை வருமா, மணி அடித்தாயிற்றா என்ற அளவில் பேசிக்கொண்டு வருடங்கள் போயின.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தச் செயல்கூறு புத்தகத்தின் இன்னொரு பிரதியை வாங்கிப் படித்தேன். டீச்சர் சொன்னபடியே, கையிலிருப்பதை விடாமல் அடுத்ததைப் பிடிக்கும் விதமாக இலக்கணத்தைத் திருப்பி எழுதினேன். மாமனுக்க மகனுக்க வள்ளம் ஒரு நொடியில் கரை சேர்ந்தது. அவர் சொன்ன நாளிலேயே எழுதியிருக்கலாம். பெரிய வேலை இல்லை.

கல்லூரியில் கேட்டு, அதே அரங்கில் ஒரு கருத்தரங்கில் பேச இடம் வாங்கினேன். பழைய நிரலையும் புதிய நிரலையும் அதே வாக்கியத்தை வைத்து ஓட்டிக் காட்டினேன். அன்று நான் சொன்னது பொய் என்றும், வழி சொன்னவர் அவர்தான் என்றும் சொன்னேன். மாணவர்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள். டீச்சரைக் கூப்பிட்டிருந்தேன். அவர் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து அவர் வந்திருப்பார் என்ற கணக்கில் வீட்டுக்குப் போனேன். அத்தனை வருடத்தில் அந்த வீட்டுக்குள் போனது அதுதான் முதல் முறை. பால் விடாத கட்டங்காப்பி கொடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கேள்விப்பட்டேன் சார். சின்னப் பிள்ளையளுக்கு முன்னால சொன்னிய. அன்னைக்குச் சிரிச்சவிய ஒருத்தரும் அங்க இல்லியே."

"பக்கத்து மேசைக்காரருக்கிட்ட சொன்னேன் டீச்சர். வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவருக்கு அது ஞாபகமே இல்ல."

"அவருக்கு எப்பிடி இருக்கும்?"

பதிவு செய்த நாடாக்களைப் பற்றிக் கேட்டேன். உப்புக் காற்றில் பூஞ்சை பிடித்துவிட்டதாம். வெள்ளையடித்த வருடம் குப்பையோடு போய்விட்டதாம். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மடிக்கணினியைத் திறந்து புதிய நிரலைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு வாக்கியத்தைத் தட்டினார். அதில் எனக்கே தெரியாத கடல் சொல் ஒன்று இருந்தது. திரையில் 'எனக்குத் தெரியவில்லை' என்று வந்தது. இல்லை என்பதை நான் அப்படி மாற்றியிருந்தேன்.

"இப்பந்தான் இதுக்குக் கொஞ்சம் மரியாத வந்திருக்கு," என்றார். சிரித்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திரும்பப் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். நான் இனி இல்லை, வேண்டுமென்றால் நீங்கள் போங்கள் என்றார்.

போனேன். கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "ஏலே, வலைக்க அந்தத் தும்பப் பிடிலே, கையில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க," என்று இன்னொருவரைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லிப் பதிவுக் கருவியை எடுத்தேன். அவர் வலையைக் கீழே வைத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டார். "வணக்கம் ஐயா. நாங்கள் மீன்பிடித் தொழில் செய்து வருகிறோம்," என்றார். எந்தக் கரைக்குப் போனாலும் இதுதான் நடந்தது. கருவியைக் கண்டதும் எல்லோரும் பாடப்புத்தகம் மாதிரிப் பேசினார்கள்.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

"நீங்க அன்னைக்கு ஒரு தடவ சொன்னிய சார். அவிய அதப் பள்ளிக்கூடத்துல, ஆபீஸ்ல, பஸ்ஸுல, பிறந்ததுலருந்து கேட்டுட்டு இருக்காவ. உங்க முன்னால எப்பிடிப் பேசுவாவ?"

பிறகு, வரும் சனிக்கிழமை எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று கேட்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் போகிறோம். கருவியை நான் தூக்கிக்கொண்டு போவேன். மணலில் இறங்கியதும் அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, முந்தானைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வலைக்காரர்கள் நடுவே போய் உட்கார்வார்.

"சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மீன் ஏலக் கொட்டகை வரை போய் நிற்கிறேன். அங்கிருந்து அவர்கள் பேசுவதும் சிரிப்பதும் தெரிகிறது. என்ன பேசுகிறார்கள் என்று எனக்குக் கேட்பதில்லை.