வலது கை, இடது கை

எங்கள் பள்ளியில் அவளுக்குப் பெயர் 'புதுசு'. வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் புதுசுதான். பேருந்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதா, புதுசு. உடைந்த பெஞ்சுகளைக் கணக்கெடுப்பதா, புதுசு. யாருமே வேண்டாம் என்று கைகழுவிய ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குக் கணக்கு எடுப்பதா, அதுவும் புதுசு. வந்தவள் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு ஓய்வறையில் கால் நீட்டிக்கொள்வதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

அடுத்த அறையில் நான் வரலாறு எடுக்கிறேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் பென்சில் விழுந்தால் என் பக்கத்துப் பிள்ளை குனிந்து தேடும். அதனால் அவள் வகுப்பில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாமல் போகவில்லை.

பயிற்சிக் கல்லூரியில் அவளுக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள்? பாடக்குறிப்பை நான்கு வண்ண மையில் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தொண்டை கட்டாமல் பேசுவது எப்படி என்று ஒரு ஆத்மாவும் சொல்லவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? முதல் வாரம் கத்தினாள், கத்தினாள், குரலே போய்விட்டது. குரல் இல்லாமல் கிசுகிசுத்தபோது பிள்ளைகள் என்னவோ ரகசியம் என்று காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள். குரல் திரும்பி வந்த பிறகும் அவள் கத்தவில்லை.

இப்படித்தான் ஒவ்வொன்றும். முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதக் கூடாது என்பதைப் பின்னந்தலையில் காகித உருண்டை வாங்கித் தெரிந்துகொண்டாள். கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் பெயரைச் சொல்ல வேண்டும், பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள் என்பதை ஒரு மாதம் தோற்றுத் தெரிந்துகொண்டாள். கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவும் பழகினாள். எங்களில் பாதிப் பேருக்கு அது இன்னும் வராது. கேள்வியையும் நாமே கேட்டு விடையையும் நாமே சொல்லி, "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "புரிஞ்சுது" என்று கோரஸ் வாங்கிக்கொண்டு மணியடித்ததும் கிளம்பிவிடுவோம்.

அவள் வகுப்பில் கேள்வி வேறு. "தெரியாதவங்க கை தூக்குங்க" என்பாள். ஆரம்பத்தில் எவன் தூக்குவான்? ஒரு நாள் ஒருவன் பயந்து பயந்து தூக்கினான். "நல்லவேளை சொன்னேடா, நான்தான் சரியாச் சொல்லல போல" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அரையாண்டுக்குள் அந்த உருப்படாத பிரிவு, தெரியாது என்பதை வெட்கமில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்டது. கணக்கும் கற்றுக்கொண்டது.

வருட முடிவில் அவளை நிரந்தரமாக்க வேண்டும். அதிகாரி வந்து ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால்தான் ஆகும். அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு பையன். பள்ளிக் காப்பகத்தில் நிரந்தர ஆசிரியர்களின் குழந்தைகளுக்குத்தான் இடம். அதுவரை மாமியார் முட்டி வலியோடு பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வருஷம்தான் பார்ப்பேன். அதுக்கு மேல என் கால் நிக்காது" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நிரந்தரம் இல்லையென்றால் இவள் வேலையை விட வேண்டியதுதான்.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் தலைமையாசிரியை அவள் வகுப்புக்குள் வந்தார்.

"நாளைக்கு மிஸ் கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். விடை தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. புரியுதா?"

"புரியுது மேடம்!"

ஒரு பெண் எழுந்தாள். "மேடம், நான் இடக்கைக்காரி. எனக்கு இடது கைதான் முதல்ல வரும். விடை தெரிஞ்சா நான் எதைத் தூக்குறது?"

"நீ கையே தூக்காத. சும்மா உக்காரு."

தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வகுப்பிலேயே கணக்கில் புலி அந்தப் பெண்தான். மேடம் போன பிறகு புதுசிடம் போனேன். அவள் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். அழித்த இடத்தையே மறுபடி மறுபடி அழித்தாள்.

"ஒரு நாள் கூத்துதானேம்மா. பல்லைக் கடிச்சிட்டு முடிச்சிடு" என்றேன்.

"ஒரு வருஷமா தெரியாதுன்னு சொல்லச் சொல்லிக் கொடுத்திருக்கேன் அக்கா. நாளைக்கு மறைக்கச் சொல்லவா?"

மறுநாள் அதிகாரிக்குத் தண்ணீர் கொடுக்க என்னைப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். பதினெட்டு வருட அனுபவத்துக்குத் தண்ணீர்க் குவளை! புதுசு பின்னங்களை ஆரம்பித்தாள். "மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். கைகள் சரசரவென்று எழுந்தன. ஒரு பெண்ணைத் தவிர எல்லாரும் தூக்கியிருந்தார்கள். அதிகாரி தலையாட்டினார், மேடம் முகத்தில் பல் தெரிந்தது.

புதுசு வலது கைகளை எல்லாம் தாண்டி, மூன்றாவது பெஞ்சில் இடது கையைத் தூக்கியிருந்தவனைப் பார்த்தாள். அவன் பெயரைச் சொன்னாள்.

அவன் மேடத்தைப் பார்த்தான், பிறகு மிஸ்ஸைப் பார்த்தான். "தெரியாது மிஸ்."

"என்ன தோணுது, அதைச் சொல்லு."

"மூணை விட நாலு பெருசு. அதனால நாலுல ஒண்ணுதான் பெருசு."

"இதே மாதிரி வேற யாருக்குத் தோணுது?" ஐந்தாறு இடது கைகள் எழுந்தன. ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை அவனிடம் கொடுத்து, ஒன்றை மூன்று பேருக்கும் மற்றதை நான்கு பேருக்கும் சமமாகக் கிழித்துக் கொடுக்கச் சொன்னாள். கிழித்துக்கொண்டே இருந்தவன் நின்றான். "அட! ஆளு கூடினா பங்கு குறையுது மிஸ்!" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. நான் குவளையை வைத்துவிட்டுக் கை தட்டப் போனேன், மேடம் பார்த்த பார்வையில் மறுபடி குவளையை எடுத்துக்கொண்டேன்.

பாடம் முடிந்து தாழ்வாரத்தில் அதிகாரி அவளிடம் சிரித்தபடி சொன்னதுதான் என் வயிற்றை இன்றும் எரிக்கிறது.

"நானும் வாத்தியாரா இருந்தவன்தாம்மா. எங்க காலத்துலயும் இதே வலது கை, இடது கைதான். தெரிஞ்சே எதுக்கும்மா இடது கையைக் கேட்டீங்க?"

அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது! சொல்லிக்கொடுத்த மேடத்துக்குத் தெரியும், பார்த்த அதிகாரிக்குத் தெரியும், நடித்த பிள்ளைகளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த பொய்யை ஒருத்தி சொல்லவில்லை என்பதுதான் குற்றம். 'மாணவர்கள் போதிய தயாரிப்பில் இல்லை. தகுதிகாண் காலம் மேலும் ஒரு வருடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நான் கொடுத்த தண்ணீரையும் குடித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன். மாமியாரிடம் விஷயத்தை நான்தான் சொன்னேன். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டார்.

"தெரியாத பிள்ளையைக் கேட்காம தெரிஞ்ச பிள்ளையைக் கேட்கிறதுக்கு வாத்தியார் எதுக்கு?" என்றார். பிறகு மருமகளிடம், "உங்க மேடத்தை ஒரு நாள் இங்க வந்து இவனைத் தூக்கிட்டு நிக்கச் சொல்லு. அப்ப தெரியும் சேதி. போ, போய் முகத்தைக் கழுவு. இன்னும் ஒரு வருஷம் இந்த முட்டி உடைஞ்சா போயிடும்?"

அப்போதுதான் அவள் அழுதாள்.

அடுத்த நாள் மேடம் அவளைக் கூப்பிட்டார். பொறுக்க முடியாமல் நானும் கூடப் போனேன். "அடுத்த வருஷமும் அதே பிள்ளைங்கதான் எட்டாவதுல உனக்கு. அப்பவாவது ஒழுங்கா வலது கையைக் கேளு" என்றார் மேடம்.

"அடுத்த வருஷம் அந்த வகுப்புல இடது கையே இருக்காது மேடம்" என்றாள் புதுசு. கதவு வரை போனவள் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் இருக்கும். அவளுக்கு விடை தெரியும்."